யார் சொன்னது? கதிரியக்க மாசும் சிறைப்பட்ட சாட்சிகளும்

1996 பிப்ரவரி 6 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அலெக்சாண்டர் நிகிதின் என்ற முன்னாள் கடற்படை அதிகாரியை ரஷ்யாவின் உள்நாட்டு உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி. கைது செய்தது. ரஷ்யாவின் வடக்குக் கடற்படைத் தளங்களில் குவிந்துகிடந்த கதிரியக்கக் கழிவைப் பற்றி, நார்வேயின் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அப்போது ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் நடந்த விபத்துகள் குறித்த அத்தியாயத்தை எழுதியவர் நிகிதின். அதற்காக அவர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அன்றைய சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை வரை இடம் இருந்தது.

நிகிதின் வழக்கு ஒரு நீண்ட வரிசையின் நடுவில் நிற்கிறது. நீரிலும் மண்ணிலும் காற்றிலும் நஞ்சு கலந்ததை ஓர் அரசு மறைக்கிறது. ஒருவர் அதைச் சொல்கிறார். அவரைப் பிடித்து விசாரிக்கிறார்கள். அவர் பணிய மறுக்கிறார். சோவியத் ஒன்றியத்திலும் பின்னர் ரஷ்யாவிலும் பெலாரசிலும் சீனாவிலும் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. இந்த வழக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எழும் மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. மாசு பற்றிய ரகசியம் உண்மையில் யாரிடமிருந்து காக்கப்படுகிறது? சாட்சியை விசாரிக்கும் அரசு எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது? பணிய மறுத்தவர்களுக்கு எது துணை நின்றது?

மாயாக்: எதிரிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது

யூரல் மலைப் பகுதியில் இருக்கும் மாயாக் ஆலை, சோவியத் அணுகுண்டுக்கான புளுட்டோனியத்தைத் தயாரிக்க 1948இல் இயங்கத் தொடங்கியது. 1949 முதல் 1956 வரை அங்கிருந்து சுமார் 7.6 கோடி கன மீட்டர் கதிரியக்கக் கழிவுநீர் தேச்சா ஆற்றில் விடப்பட்டது. கரையோரக் கிராமங்களில் தாத்தார், பஷ்கீர், ரஷ்ய மக்கள் அந்த ஆற்றில்தான் குடித்தார்கள், குளித்தார்கள், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். ஆற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1957 செப்டம்பர் 29 அன்று, குளிரூட்டும் அமைப்பு பழுதானதால் அதே ஆலையின் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 2 கோடி க்யூரி கதிரியக்கம் வெளியேறியது. பெரும்பகுதி ஆலையைச் சுற்றியே படிந்தாலும், சுமார் 20 லட்சம் க்யூரி காற்றில் கலந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் பரவியது. அதில் ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது. பாலின் வழியாக எலும்புக்குள் போய்த் தங்கக்கூடிய பொருள் அது. வானில் தெரிந்த ஒளியைத் துருவ ஒளி என்று செல்யாபின்ஸ்க் நாளேடு எழுதியது. அடுத்த ஒன்றரை ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. காரணம் மட்டும் சொல்லப்படவில்லை. ஆலையைச் சுற்றியிருந்த மூடிய நகரம் வரைபடத்திலேயே இல்லை. அதனால்தான் இந்த விபத்துக்கு அருகிலிருந்த கிஷ்திம் என்ற ஊரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ரகசியத்தை உடைத்தவர் ழோரெஸ் மெத்வதேவ் என்ற உயிரியலாளர். அறிவியலில் அரசின் தலையீட்டைக் கண்டித்து எழுதியதற்காக 1970 மே 29 அன்று அவரைக் கலூகா மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். இயற்பியலாளர்கள் சகாரோவ், கபித்சா, எழுத்தாளர் சோல்செனித்சின் போன்றவர்கள் குரல் எழுப்பியதால் 19 நாட்களில் விடுவித்தார்கள். பிறகு லண்டன் சென்றிருந்தபோது அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். அங்கிருந்து 1976இல், யூரல் விபத்தைப் பற்றி அவர் எழுதினார். பிரிட்டனின் அணுசக்தி ஆணையத் தலைவரே அதை நம்ப மறுத்தார். மெத்வதேவ் தளரவில்லை. சோவியத் ஆய்வு இதழ்களில் வெளியாகியிருந்த கதிரியக்கச் சூழலியல் கட்டுரைகளைத் திரட்டினார். இடத்தின் பெயர் மறைக்கப்பட்ட அந்தக் கட்டுரைகளில் மீன்களின் எண்ணிக்கையும் ஏரிகளின் அளவும் இருந்தன. எந்த ஆய்வாளரும் சோதனைக்காக அவ்வளவு பெரிய ஏரியில் நஞ்சைக் கலக்க மாட்டார். அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு விபத்தின் இடத்தையும் காலத்தையும் அவர் நிறுவினார். 1979இல் அது நூலாக வந்தது. சோவியத் அரசு விபத்தை ஒப்புக்கொண்டது 1989இல்.

இதில் இன்னோர் உண்மையும் இருக்கிறது. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்கு யூரலில் ஏதோ பெரிய விபத்து நடந்தது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 1970களின் பிற்பகுதியில் வெளியான அதன் ஆவணங்கள் இதைக் காட்டின. எதிரி நாட்டுக்குத் தெரிந்த செய்தி, ஆற்றங்கரையில் பால் கறந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. முதல் கேள்விக்கான விடை இங்கேயே தொடங்குகிறது.

ஸ்வெர்ட்லோவ்ஸ்க்: கைப்பற்றப்பட்ட கோப்புகள், காப்பாற்றப்பட்ட திசுக்கள்

1979 ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் ராணுவ ஆய்வு வளாகம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். நோயுற்ற மாட்டின் இறைச்சியைத் தின்றதால் வந்த சாவு என்று அரசு அறிவித்தது. மருத்துவமனைப் பதிவேடுகளைச் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. எடுத்துச் சென்றது.

ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனைத் திசுக்களையும் குறிப்புகளையும் யாருக்கும் தெரியாமல் பாதுகாத்தார்கள். 1993இல் அவர்கள் 42 பேரின் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். நெஞ்சுக்கூட்டின் நிணநீர் முடிச்சுகள் சிதைந்திருந்த விதம், கிருமி மூச்சின் வழியாகப் போனதைக் காட்டியது. மறு ஆண்டு அமெரிக்க உயிரியலாளர் மாத்யூ மெசல்சனின் குழுவினர், இறந்தவர்கள் அன்று இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில், ஒரு குறுகிய பட்டையில் அந்த இடங்கள் வரிசையாக அமைந்தன. அதற்கு முன்பே, 1992இல், ராணுவமே காரணம் என்று அதிபர் போரிஸ் யெல்த்சின் ஒப்புக்கொண்டிருந்தார். கசிவு நடந்தபோது அந்த மாகாணத்தின் கட்சிச் செயலாளர் அவர்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலைக்கு அரசு பயன்படுத்திய கருவி காகிதம்: பதிவேட்டை எடுத்துவிட்டால் சாவுக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். மருத்துவர்கள் இருவரும் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்ததே அதற்கு அவர்கள் கொடுத்த விலை.

செர்னோபில் திறந்த கதவு

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. பக்கத்திலேயே இருந்த பிரிப்யாத் நகர மக்கள் மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றப்பட்டார்கள். ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் பதிவான பிறகே, 28ஆம் தேதி இரவு மாஸ்கோ சில வரிகளில் செய்தி வெளியிட்டது. மே 1 அன்று கீவ் நகரில் குழந்தைகள் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஆண்டே, அணு விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று உருவானது. ஆனால் அது ஓர் அரசு பிற அரசுகளுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொல்கிறது. விபத்து நடந்த ஊரின் மக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது.

ரஷ்யாவில் அந்தச் சட்டம் 1993இல் வந்தது. புதிய அரசியல் சாசனத்தின் 42ஆம் பிரிவு, சுற்றுச்சூழலின் நிலை பற்றிய நம்பகமான தகவலை ஒவ்வொருவரின் உரிமை என்றது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தான உண்மைகளை மறைக்கும் அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்றது 41ஆம் பிரிவு. வெளியிடப்படாத சட்டங்களைக் கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது என்றது 15ஆம் பிரிவு. அதே ஆண்டின் அரசு ரகசியச் சட்டமும், சுற்றுச்சூழல் பற்றிய தகவல்களை ரகசியமாக்கக் கூடாது என்று சொன்னது. செர்னோபிலின் சாம்பலிலிருந்து வந்த வரிகள் இவை. அடுத்த சில ஆண்டுகளில், விசாரணை அறைகளில் இருந்தவர்கள் இவற்றைத்தான் பற்றிக்கொண்டார்கள்.

பணியாத மூவர்

வில் மிர்சயானோவ் மாஸ்கோவில் ரசாயன ஆயுத ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேதியியலாளர். நிறுவனத்திலிருந்து வெளியேறும் காற்றிலும் நீரிலும் நச்சுப் பொருட்களின் அளவைப் பார்ப்பது அவர் பணிகளில் ஒன்று. அது அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கடந்திருந்ததைக் கண்டார். லெவ் ஃபியோதரோவ் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து, 1992 செப்டம்பரில் 'மாஸ்கோ நியூஸ்' இதழில் எழுதினார். நோவிச்சோக் எனப்படும் நரம்பு நச்சுகள் உருவாக்கப்பட்டதை உலகம் அறியத் தொடங்கியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். அக்டோபர் 22 அன்று அவரைக் கைது செய்து லெஃபோர்தோவோ சிறையில் வைத்தார்கள். வழக்கு மூடிய அறையில் நடந்தது. அதில் பங்கேற்க மாட்டேன் என்று அவர் மறுத்ததால், 1994 தொடக்கத்தில் மறுபடி சிறையில் அடைத்தார்கள். அந்த மார்ச்சில் வழக்கு கைவிடப்பட்டது.

நிகிதின் கடற்படையில் அணு உலைப் பொறியாளராகவும், பின்னர் பாதுகாப்பு அமைச்சகத்தின் அணுப் பாதுகாப்பு ஆய்வாளராகவும் பணியாற்றியவர். ரகசியம் கையாள அனுமதி பெற்ற வழக்கறிஞரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றது எஃப்.எஸ்.பி. அவர் ஏற்கவில்லை. தான் விரும்பிய வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு என்று 1996 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூரி ஷ்மித் அவருக்காக வாதாடினார். பத்து மாதங்கள் சிறையில் இருந்த நிகிதின் டிசம்பரில் வெளியே வந்தார். நகரை விட்டு வெளியேற அனுமதி இல்லை. குற்றப்பத்திரிகை மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. அதன் அடிப்படை, பாதுகாப்பு அமைச்சகத்தின் வெளியிடப்படாத ஆணைகள். அவற்றில் ஒன்று, அவர் கைதான பிறகு பிறப்பிக்கப்பட்டது. எந்த விதியை மீறினார் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே படிக்க முடியாத வழக்கு அது. ஒவ்வொரு தகவலும் ஏற்கெனவே வெளியான நூல்களிலும் இதழ்களிலும் இருந்தது என்பதை நிகிதினின் தரப்பு ஒவ்வொன்றாகக் காட்டியது. 1999 டிசம்பர் 29 அன்று நகர நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மூன்றாமவர் கிரிகோரி பாஸ்கோ. பசிபிக் கடற்படையின் சொந்த நாளேட்டில் செய்தியாளர். கடற்படைக் கப்பல் கதிரியக்கக் கழிவை ஜப்பான் கடலில் கொட்டியதை அவர் படம் பிடித்தார். அது ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. 1997 நவம்பரில் விளாதிவஸ்தோக்கில் அவரைக் கைது செய்து இருபது மாதங்கள் சிறையில் வைத்தார்கள். 1999இல் தேசத்துரோகக் குற்றம் நிற்கவில்லை. மறுவிசாரணையில், 2001 டிசம்பர் 25 அன்று, நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். ஒரு கூட்டத்தில் அவர் கையால் எழுதிய குறிப்புகளை ஜப்பானியர்களுக்குக் கொடுக்க எண்ணினார் என்பதே மிஞ்சிய குற்றம். அதிபரிடம் மன்னிப்பு கேட்டால் பரிசீலிக்கப்படும் என்ற நிலை வந்தது. கேட்டால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று பாஸ்கோ மறுத்துவிட்டார். 2003 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தார்.

மூவருமே அரசின் உள்ளே இருந்தவர்கள். மூவரின் எதிர்ப்பும் சட்டத்துக்குள்ளேயே நின்றது. ஒருவர் மூடிய நீதிமன்றத்தை மறுத்தார். ஒருவர் அரசு காட்டிய வழக்கறிஞரை மறுத்தார். ஒருவர் அரசு நீட்டிய மன்னிப்பை மறுத்தார். அவர்களைப் பிடித்தவர்கள் விரும்பியது குற்ற ஒப்புதல். அந்த ஒன்றை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை.

இரண்டு வகைக் குற்றச்சாட்டுகள்

இந்த வழக்குகளைத் தரம் பிரித்தால் அரசின் மனம் தெளிவாகத் தெரிகிறது. முதல் வகை, ரகசியத்தை வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டு. பொய்யை யாரும் ரகசியமாகக் காப்பதில்லை. எனவே இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தும் அரசு, கைதி சொன்னது உண்மை என்று தானே ஒப்புக்கொள்கிறது. மிர்சயானோவைக் கைது செய்ததன் மூலம், அவர் எழுதிய நச்சு உண்மையிலேயே இருக்கிறது என்பதை ரஷ்ய அரசு உறுதிப்படுத்தியது. இத்தகைய வழக்கில் விசாரணை முழுவதும் 'யார் சொன்னது, எங்கே கிடைத்தது, யாரிடம் கொடுத்தாய்' என்ற பாதையிலேயே ஓடுகிறது. அந்த நீரைக் குடிக்கிறவர்களின் நிலை என்ன என்பது விசாரணைக்கு உரிய பொருளாகவே ஆவதில்லை.

இரண்டாம் வகை, தொடர்பே இல்லாத வேறு குற்றச்சாட்டு. மெத்வதேவுக்கு மனநோய் என்றார்கள். பெலாரசில், கோமெல் மருத்துவக் கல்லூரித் தலைவர் யூரி பந்தாஷெவ்ஸ்கி, செர்னோபிலின் சீசியம்-137 குழந்தைகளின் இதயத்தைப் பாதிக்கிறது என்று ஆராய்ந்து, அரசின் செலவுகளையும் விமர்சித்தவர். 1999 ஜூலையில் கைதானார். மாணவர் சேர்க்கைக்கு லஞ்சம் வாங்கினார் என்று 2001இல் எட்டு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. முக்கியச் சாட்சி தன் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் மறுத்தும் பயனில்லை. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. 2005இல்தான் வெளியே வந்தார். அவருடைய ஆய்வு முடிவுகளை ஏற்காத அறிவியலாளர்கள் உண்டு. ஆனால் ஓர் ஆய்வு தவறென்றால் அதை மறுக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம்.

சீனாவில் தாய் ஏரியை நஞ்சாக்கிய ஆலைகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர் வூ லிஹோங். 2007 ஏப்ரலில் அவரைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, வூஷி நகரின் குடிநீரே கெட்டது. அவர் எச்சரித்தது கண்முன் நடந்த பிறகும், மிரட்டிப் பணம் பறித்தார் என்று ஆகஸ்டில் மூன்றாண்டு தண்டனை கொடுத்தார்கள். வாக்குமூலம் சித்திரவதை செய்து வாங்கப்பட்டது என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். கான்சு மாகாணத்தில் யுரேனியச் சுரங்கத்தின் மாசைப் பற்றி முறையிட்ட சுன் சியாவ்தியும் 2009இல் தொழிலாளர் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

இரண்டாம் வகை கூடுதல் ஆபத்தானது. ரகசிய வழக்கில் கைதியின் சொல் உயிரோடு இருக்கிறது. லஞ்ச வழக்கிலும் மனநோய்ப் பட்டத்திலும், சொன்னவரின் மானம் கெட்டு, அதோடு சொல்லும் கெடுகிறது.

ஒரு மறுப்புக்குப் பதில்

ராணுவத்துக்கு ரகசியம் தேவைதானே என்ற கேள்வி நேர்மையானது. நீர்மூழ்கி உலையின் வடிவமைப்பை எந்த நாடும் வெளியிடாது. வெளியிட வேண்டும் என்று நிகிதினும் கேட்கவில்லை. உலை எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, அந்த உலையின் கழிவு எந்தக் குடாவில் ஒழுகுகிறது என்பது வேறு. பின்னதைத் தெரிந்துகொண்டு எதிரி எந்தப் போரையும் வெல்லப்போவதில்லை. தெரியாமல் இருப்பவர்கள்தான் அதில் மீன் பிடிக்கிறார்கள்.

ஜனநாயக நாடுகளும் மறைத்ததில்லையா என்றால், மறைத்தன. மாயாக் வெடிப்புக்குப் பதினோரு நாள் கழித்து பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தது. விசாரணை அறிக்கையின் முழு வடிவத்தைப் பிரதமர் மாக்மில்லன் வெளியிடவில்லை. அது வெளிவர 1988 ஆனது. ஆனால் தீப்பிடித்த செய்தி உடனே வெளியானது. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பால் விற்பனை நிறுத்தப்பட்டுக் கொட்டப்பட்டது. தேச்சாக் கரையில் அதே நாட்களில் நடந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மறைக்கும் ஆசை எல்லா அரசுகளுக்கும் உண்டு. மறைப்பை உடைப்பவரைச் சிறையில் அடைக்க முடிகிறதா என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

உண்மை வெளியானதால் நாடு கெட்டுவிடவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. பெல்லோனா அறிக்கையில் இடம்பெற்ற ஆந்த்ரேயேவா குடாவில், ஏறத்தாழ 22,000 பயன்படுத்திய அணு எரிபொருள் கட்டுகள் சிதிலமான கிடங்குகளில் கிடந்தன. விவரம் உலகுக்குத் தெரிந்ததால் நார்வேயும் பிரிட்டனும் பிற நாடுகளும் பணம் கொடுத்தன. 2017 ஜூனில் அங்கிருந்து எரிபொருள் ஏற்றிய முதல் கப்பல் புறப்பட்டது. துரோகம் என்று சொல்லப்பட்ட எழுத்துதான் ரஷ்யக் கரையைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தது.

மறுபடி மூடும் கதவு

1993இன் சட்ட வரிகள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்துச் சொல்லும் இடம் சுருங்கிவிட்டது. மாயாக்கின் மூடிய நகரமான ஓசியோர்ஸ்கில் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடிய நதேஷ்தா குதேபோவாவின் அமைப்பு 2015இல் அந்நிய முகவர் என்று அறிவிக்கப்பட்டது. அவர் குழந்தைகளோடு பிரான்சில் தஞ்சம் புகுந்தார். 2017 இலையுதிர் காலத்தில் ஐரோப்பா முழுவதும் காற்றில் ருத்தேனியம்-106 என்ற கதிரியக்கப் பொருள் பதிவானது. தெற்கு யூரலைத்தான் மூலமாக ஆய்வாளர்கள் சுட்டினார்கள். ரஷ்ய அணுசக்திக் கழகமான ரோசாட்டம் அதை மறுத்தது.

2019 ஆகஸ்ட் 8 அன்று வெள்ளைக் கடலோரம் நியோனோக்சாவில் ஆயுதச் சோதனை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து ரோசாட்டம் ஊழியர்கள் ஐவர் இறந்தார்கள். காயமுற்றவர்களின் உடலில் கதிரியக்கம் படிந்திருந்தது. ஆர்ஹாங்கெல்ஸ்க் மருத்துவமனையில் சிகிச்சை செய்தவர்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் பெல்லோனா, ரஷ்யாவில் விரும்பத்தகாத அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. அதனோடு சேர்ந்து பணியாற்றுவதே அங்கே இப்போது குற்றம்.

முடிவுரை

மேலே கண்ட வழக்குகள் மூன்று முடிவுகளைத் தருகின்றன. முதலாவது, மாசு பற்றிய ரகசியம் சொந்த மக்களிடமிருந்தே காக்கப்படுகிறது. யூரல் விபத்தை எதிரியின் உளவு அமைப்பு அறிந்திருந்தது, செர்னோபிலை ஸ்வீடனின் கருவிகள் அறிந்தன. இரண்டாவது, விசாரணை உண்மையைத் தேடுவதில்லை. அது சொன்னவரைத் தேடுகிறது. மூன்றாவது, தனி மனிதரின் துணிவு அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நிகிதினை மீட்டவை ஓர் அரசியல் சாசனத்தின் சில வரிகள், அவற்றைப் படித்துப் பொருள் கொண்ட நீதிபதிகள், அஞ்சாத ஒரு வழக்கறிஞர், வெளியே விழித்திருந்த மக்கள். இவற்றில் பல பந்தாஷெவ்ஸ்கிக்கும் வூ லிஹோங்குக்கும் கிடைக்கவில்லை.

எனவே, உயிருக்கு ஆபத்தான எந்தத் தகவலையும் ரகசியமாக்க முடியாது என்ற வரி ஒவ்வொரு நாட்டின் சட்டத்திலும் இருக்க வேண்டும். அதை மறைக்கும் அதிகாரியே குற்றவாளி என்ற வரி அதற்கு அடுத்து வர வேண்டும். 1998இன் ஆர்ஹூஸ் உடன்படிக்கை, ஆபத்து நேரத்தில் மக்களுக்கு உடனே தகவல் சொல்வதை அரசின் கடமையாக்குகிறது. ரஷ்யா அதில் இன்றுவரை சேரவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டிலாவது ஆற்றைப் பற்றியோ ஆலையைப் பற்றியோ பேசியதற்காக ஒருவர் கைதானார் என்று செய்தி வந்தால், அவர் யார், யாருடைய ஆள் என்ற விவாதத்துக்குள் உடனே இறங்கிவிடாதீர்கள். அந்த ஆற்று நீரைச் சோதித்தார்களா, முடிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.